பழைய கணப்படுப்பின் முகப்பு: சுரண்டுவதா, பூசுவதா, மூடுவதா, மாற்றுவதா?

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை வாங்கிக் குடியேறுபவர்கள், சமையலறையையும் குளியலறையையும் சீர்செய்து முடித்த பிறகு, முன்னறையில் நிற்கும் கணப்படுப்பை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கட்டாயம் வந்து சேர்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. ஹாரோ பக்கம் போனால் 1930-களின் இரட்டை வீடுகளும் அவற்றுக்கே உரிய ஓடு பதித்த கணப்படுப்புகளும் வந்துவிடுகின்றன. நெருப்பு எரியும் வாயின் இருபுறமும் நிற்கும் தூண்களையும், அவற்றின் மேல் குறுக்கே கிடக்கும் பலகையையும், அதற்கும் மேலே படங்களும் குத்துவிளக்கும் வைக்கிற தட்டையும் சேர்த்து இங்கே ‘முகப்பு’ என்று குறிப்பிடுகிறேன். பல வீடுகளில் இந்த முகப்பின் மீது தலைமுறைக்கு ஒரு பூச்சாக ஆறேழு அடுக்குப் பெயின்ட் ஏறி, செதுக்கு வேலைப்பாடுகளின் கூர்மை முழுவதும் மழுங்கிக் கிடக்கும்.

அதற்குப் புதுத் தோற்றம் தர நினைப்பவர் முன் இருக்கும் வழிகள் ஐந்து: உள்ளதைத் துலக்கி வைப்பது, பெயின்ட்டை உரித்து அடிப்பொருளை வெளிக்கொண்டு வருவது, மேலே மீண்டும் பெயின்ட் அடிப்பது, ஓடோ பலகையோ கொண்டு மூடுவது, முழுவதையும் பெயர்த்துவிட்டு வேறொன்று வைப்பது. செலவை முன்வைத்தே பலரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். என் கருத்தில் செலவு மூன்றாவதாகத்தான் வரவேண்டும். பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பொருள் எது, இனிமேல் அங்கே நெருப்பு எரியப் போகிறதா இல்லையா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், ஐந்தில் இரண்டு மூன்று வழிகள் தாமாகவே விலகிவிடும். மிச்சம் இருப்பவற்றுள், பிடிக்காமல் போனால் பழைய நிலைக்குத் திரும்ப இடம் தருவது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கணப்படுப்புகள் இந்த நிலைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய கொடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி எரிப்பதற்கு ஊர் ஊராகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் வடகடல் எரிவாயு வீடுகளுக்கு வரத் தொடங்க, மைய வெப்பமூட்டும் முறை பரவி, கணப்படுப்புகள் வேலையற்றுப் போயின. வாயைப் பலகை வைத்து அடைத்து, அதன் முன்னால் ஒரு கேஸ் ஹீட்டரை நிறுத்தி, முகப்பைச் சுவரின் நிறத்திலேயே அடித்து மறைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கமாக இருந்தது. அப்படி அடைக்கப் பயன்பட்ட பலகை சில வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கக்கூடும் என்பதை இன்று மறக்கக் கூடாது. பிரிட்டனில் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் 1999-இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டன. ஆகவே பழைய அடைப்புப் பலகையைத் துளைக்கவோ உடைக்கவோ முற்படும் முன் அதன் மாதிரியைச் சோதித்துப் பார்க்கத் தகுந்தவர்களை அழைப்பதே முதல் வேலை.

அடிப்பொருளை அடையாளம் காண்பது நினைப்பதைவிட எளிது. ஒரு காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்வது வார்ப்பிரும்பு. உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி உறைக்காமல், விரல் கணுவால் தட்டினால் உட்குழிந்த ஓசை தருவது மரம். பெரும்பாலும் பைன் மரம். கையை வைத்தவுடன் சில்லென்று இருந்தால் கல். அந்தக் கல் சலவைக்கல்லா ஸ்லேட்டா என்று அறிய, தட்டின் பின்விளிம்பு சுவரோடு சேரும் மறைவான இடத்தில் சற்றே சுரண்டிப் பார்க்கலாம்: வெண்மையாகப் படிகம் மின்னினால் சலவைக்கல், கருஞ்சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஸ்லேட்.

இந்த ஸ்லேட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாகப் பாழாவது அதுதான். விக்டோரியா காலத்து நடுத்தர வீடுகளில் கறுப்புச் சலவைக்கல்போலத் தோன்றும் முகப்புகளில் பெரும்பகுதி, வேல்ஸ் நாட்டு ஸ்லேட்டின் மீது எனாமல் வண்ணம் பூசி, சலவைக்கல்லின் நரம்புகளைக் கையால் தீட்டி, சூளையில் சுட்டு, மெருகேற்றியவை. பிம்லிக்கோவில் தொழில் நடத்திய மாக்னஸ் என்பவர் 1851-ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சியில் இவ்வகை எனாமல் ஸ்லேட்டைக் காட்சிக்கு வைத்துப் பெயர் பெற்றார். பச்சை, சிவப்பு, மஞ்சள் நரம்போடும் கற்களைப் போலவே தீட்டப்பட்ட இந்த மேற்பரப்புதான் அந்த முகப்பின் முழு மதிப்பும். அதன்மேல் ஏறியிருக்கும் வெள்ளைப் பெயின்ட்டை நீக்க வீரியமான ரசாயனத்தைத் தடவினால், பெயின்ட்டோடு சேர்ந்து தீட்டிய வண்ணமும் குழைந்து வந்துவிடும். கீழே வெறும் சாம்பல் ஸ்லேட் மிஞ்சும். அதை மீண்டும் தீட்டித் தரக்கூடிய கைகள் இன்று மிகச் சில. எனவே கல் ஸ்லேட் என்று தெரிந்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓரத்தில் மென்மையான உரிப்பானைத் தடவி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மழுங்கிய பிளாஸ்டிக் சுரண்டியால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அடியில் நிறம் தென்படத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, மேலே தொடர்வதா, பழைய கல்வேலைகளைச் சீர்செய்யும் வல்லுநரிடம் விடுவதா என்று முடிவெடுக்கலாம்.

நெருப்புக் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நகரங்களில் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக இருப்பதால், திறந்த கணப்படுப்பில் விறகு எரிக்க அங்கே அனுமதி இல்லை. புகையில்லா எரிபொருள் என்று ஏற்கப்பட்டவற்றை மட்டுமே எரிக்கலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கான சாதாரண நிலக்கரியின் விற்பனையும் இங்கிலாந்தில் 2023 மே மாதத்தோடு முற்றிலும் முடிவுக்கு வந்துவிட்டது. விறகு அடுப்பு பொருத்த விரும்புபவர்கள் இந்தப் புகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு பெற்ற அடுப்பு வகையைத் தேர்ந்து, பதிவு பெற்ற நிறுவுநர் வழியாகவோ உள்ளூர்க் கட்டட ஆய்வுத் துறையின் ஒப்புதலோடோதான் பொருத்த வேண்டும். நெருப்பு உண்டு என்று முடிவானால், வாயை ஒட்டி எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, ஒட்டுப்பலகை, வினைல் ஒட்டுத்தாள் ஆகியவற்றுக்கு இடமே இல்லை. நெருப்பு இல்லையென்றால் தேர்வுகள் விரிகின்றன. ஆனாலும் புகைபோக்கியை முழுவதும் அடைத்துவிடாமல் ஒரு காற்றுத் துளை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி, பழைய கரியோடு சேர்ந்து, சுவரில் பழுப்புக் கறையாக இறங்கும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். துலக்கி வைப்பது எல்லாவற்றிலும் மலிவானது. பெயின்ட் படாத சலவைக்கல்லுக்கும் பழைய ஓடுகளுக்கும் அதுவே போதுமானது என்பது என் உறுதியான எண்ணம். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது என்பதால் புளிப்பு எதுவும் அதன்மேல் படக் கூடாது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய நம் வீடுகளில், அதே புளியோ எலுமிச்சையோ இந்தக் கல்லுக்கும் பளபளப்புத் தரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் புளிப்பு கல்லின் மெருகை அரித்து, துடைத்தாலும் போகாத மங்கல் தடத்தை விட்டுவிடும். காரமோ அமிலமோ இல்லாத மென்சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, கீழிருந்து மேலாகத் துடைத்து, உடனே ஒற்றி உலர்த்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லின்மேல் வழிந்து கோடு போட்டுவிடும்.

தட்டின் மேல் விளக்கேற்றும் வீடுகளில் எண்ணெய்க் கறை சலவைக்கல்லுக்குள் இறங்கி, ஈரம் போலக் கருத்த வட்டமாக நிற்கும். அதைத் தேய்த்துப் பயனில்லை. உறிஞ்சும் தன்மையுள்ள களிமண் பொடியை எண்ணெய் கரைக்கும் திரவத்தில் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் வைத்து, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், காயக் காய எண்ணெய் கல்லிலிருந்து களிமண்ணுக்கு ஏறும். ஒரே முறையில் போகாது; இரண்டு மூன்று முறை செய்ய நேரும். திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்து, அந்த நாட்களில் விளக்கை வேறிடத்தில் ஏற்றுவது அவசியம். மஞ்சள், குங்குமக் கறைகள் இன்னும் பிடிவாதமானவை. அவற்றைத் தடுப்பதே நலம். விளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்தால் தீர்ந்தது.

வார்ப்பிரும்புச் சட்டத்தின் இருபுறமும் ஐந்தைந்தாகப் பதித்திருக்கும் ஆறு அங்குல ஓடுகள், விக்டோரியா கால இறுதியின் அழகான வேலைகளில் ஒன்று. பெயின்ட்டுக்கு அடியில் அவை முழுசாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெருகூட்டிய ஓட்டின்மேல் பெயின்ட் உறுதியாகப் பிடிக்காததால் அதை நீக்குவதும் கல்லைவிட எளிது. ஓடுகளைத் துலக்கி, வார்ப்பிரும்பின் துருவைக் கம்பிப் பஞ்சால் தேய்த்தெடுத்து, கிராஃபைட் கலந்த கறுப்பு மெருகைத் துணியால் பூசி, காய்ந்ததும் பிரஷ்ஷால் தேய்த்தால், பெரும் செலவில்லாமல் அறை முழுவதும் மாறித் தெரியும். தொட்டால் கையில் கறுப்பு ஒட்டும் என்பதால் சிறு குழந்தைகள் தவழும் வீட்டில் இந்த மெருகுக்குப் பதிலாக வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் பொருத்தமாக இருக்கும்.

உரிப்பதுதான் எல்லோருக்கும் ஆசையான வழி, அதிகக் கவனம் கேட்பதும் அதுவே. 1960-களுக்கு முன் அடித்த பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சோதனைக் குச்சியால் முதலில் பார்த்துக்கொள்ளலாம். ஈயம் உறுதியானால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், தீச்சுடர்க் கருவியால் பெயின்ட்டைச் சுடுவதும் அறவே கூடாது; தூசியும் புகையும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பெருந்தீங்கு செய்பவை. ஈரமாகவே வேலை செய்யும் பசைவகை உரிப்பான்கள் இதற்கு ஏற்றவை. முன்பு எல்லோரும் பயன்படுத்திய டைகுளோரோமீத்தேன் கலந்த உரிப்பான்களைப் பொதுமக்களுக்கு விற்பது இப்போது தடைசெய்யப்பட்டுவிட்டதால், இன்று கிடைப்பவை மெதுவாகவே வேலை செய்கின்றன; ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

மரமுகப்பாக இருந்தால் உரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பைன் மர முகப்புகள் தொடக்கத்திலேயே பெயின்ட் அடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. வெறும் மரம் தெரிய விடுவது 1970-களில் பரவிய மோகம். கணுக்களும் வெடிப்பும் நிறைந்த மலிவான மரத்தைப் பெயின்ட்டுக்கு அடியில் மறைத்தே பழைய தச்சர்கள் வேலை செய்தார்கள். ஆகவே ‘அசல் மரத்தை மீட்கிறோம்’ என்ற எண்ணத்தில் பைனை உரிப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். காஸ்டிக் சோடா கரைசல் நிறைந்த தொட்டியில் முக்கி எடுக்கும் கடைகளுக்கு அனுப்புவது இன்னும் ஆபத்து: காஸ்டிக், மூட்டுகளைப் பிடித்திருக்கும் பழைய வச்சிரப் பசையைக் கரைத்துவிடும், விக்டோரியா காலத்துக்கு முந்தைய ஜார்ஜிய காலத்து முகப்புகளில் மரத்தின்மேல் ஒட்டியிருக்கும் மாலை, குடம் போன்ற அலங்காரங்கள் பெரும்பாலும் சுண்ணப்பொடியும் பசையும் பிசினும் சேர்த்து அச்சில் வார்த்தவை என்பதால் அவையும் தொட்டியிலேயே கரைந்துபோகும். செதுக்கு வேலையின் விளிம்புகள் மட்டும் தெளிவாக வேண்டுமென்றால், தடித்த அடுக்குகளை உரிப்பானால் மெலிதாக்கி, மீண்டும் நல்ல பெயின்ட் அடிப்பதே மரத்துக்கு முறையானது.

இதனால்தான் பெயின்ட் அடிக்கும் வழியை நான் ஒரேயடியாக ஒதுக்குவதில்லை. ஏற்கெனவே பெயின்ட் ஏறிய மரம், ஏற்கெனவே பெயின்ட் ஏறிய செங்கல், அடியில் ஒன்றும் சிறப்பில்லை என்று சோதித்து அறிந்த சிமென்ட் முகப்பு ஆகியவற்றுக்கு அது மிகச் சிறந்த வழி. நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டே மாற்றலாம். ஆனால் இதுவரை பெயின்ட் படாத செங்கல், சலவைக்கல், மணற்கல் மீது முதல் பூச்சைப் போடுவதை ஒரு நிரந்தர முடிவாகவே கருத வேண்டும். செங்கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த பெயின்ட்டைப் பிறகு முழுமையாக எடுப்பது ஏறத்தாழ இயலாத காரியம். செங்கல்லை வெளிறச் செய்யத்தான் வேண்டும் என்றால் பெயின்ட்டை விடச் சுண்ணாம்புக் கரைசல் நல்லது. அது செங்கல்லோடு இணைந்து காய்ந்து, ஈரம் வெளியேற வழிவிடும். அடித்த சில மணி நேரத்துக்குள் ஈரத்துணியால் துடைத்து, செங்கல்லின் சிவப்பு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம்.

பெயின்ட் வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் தோற்பது தயாரிப்பில்தான். பல்லாண்டுப் புகைக்கரியும் சிகரெட் புகையின் பழுப்பும் ஊறிய பரப்பின்மேல் நீர் கலந்த பெயின்ட்டை அடித்தால், காய்ந்ததும் மஞ்சள் பழுப்பாக ஒரு கறை மேலே ஊறி வரும். இரண்டாவது கோட்டிங்கிலும் வரும், மூன்றாவதிலும் வரும். முதலில் பிசுக்கையும் கரியையும் நீக்கும் ‘சுகர் சோப்’ என்ற சுவர் சோப்பின் கரைசலால் கழுவி, நல்ல நீரில் அலசிக் காயவிட்டு, அரக்கு அடிப்படையிலான ப்ரைமர் ஒரு கோட்டிங் கொடுத்தால் கறை அங்கேயே கட்டுப்படும். அந்த ப்ரைமர் பைன் மரக் கணுக்களிலிருந்து கசியும் பிசினையும் தடுக்கும். வெடிப்புகளுக்குப் பட்டி பார்த்து, ஈரமான உப்புத்தாளால் சமன்செய்து, மேலே எக்‌ஷெல் வகைப் பெயின்ட் (முட்டையோடுபோல லேசாக மினுங்குவது) இரண்டு கோட்டிங் போதும். முகப்பின் வெளிப்பகுதிக்குச் சாதாரணப் பெயின்ட்டே போதுமானது. வெப்பம் தாங்கும் பெயின்ட் வாயின் உட்புறத்துக்கும் நெருப்பின் அருகிலுள்ள வார்ப்பிரும்புக்கும் மட்டுமே தேவை.

மூடும் வழியில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நிறைய வேறுபாடு. பழைய முகப்பின் மீதே பசை தடவி ஓடு பதிப்பதும், மைக்ரோசிமென்ட் என்ற மெல்லிய சிமென்ட் பூச்சைப் பூசுவதும் அடியில் உள்ளதை அழிப்பதற்குச் சமம், ஏனென்றால் பிறகு பெயர்த்தெடுக்கும்போது கல்லின் முகமும் சேர்ந்தே வரும். அதற்கு மாறாக, பழைய முகப்பைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுவரில் மரச் சட்டம் அடித்து, அதன்மேல் பலகை போர்த்திப் புது வடிவம் கொடுத்தால், உள்ளே இருப்பது பத்திரமாக இருக்கும். நெருப்பு எரியாத கணப்படுப்புக்கு மட்டுமே இது பொருந்தும். வாடகைக்கு விடும் வீட்டிலும், சில ஆண்டுகளில் விற்க எண்ணும் வீட்டிலும் நான் இந்த இரண்டாவது வகையைத்தான் சொல்வேன். 1970-களில் சுவரின் முழு அகலத்துக்கும் பதித்த கரடுமுரடான கல் முகப்புகளுக்கும் இது ஏற்றது.

பெயர்த்து மாற்றுவது செலவிலும் தூசியிலும் முதலிடம் பிடிப்பது. 1930-களின் பழுப்பு மஞ்சள் ஓட்டு முகப்புகளைப் பலர் பார்த்தவுடனே உடைக்கத் துணிகிறார்கள். அவை கான்கிரீட்டின் மேல் ஓடு பதித்து, ஒரே துண்டாகப் பட்டறையில் செய்து, சுவரில் நிறுத்தப்பட்டவை. ஒருவர் தனியாக நகர்த்த முடியாத கனம் உடையவை. படிப்படியாக ஏறிச் செல்லும் அவற்றின் வடிவம் ஆர்ட் டெக்கோ காலத்தின் கையொப்பம். ஹாரோ போன்ற இடங்களில் அந்த வீட்டோடு இயல்பாகப் பொருந்தி நிற்பது அதுதான் என்பதால், உடைக்கும் முன் நன்கு கழுவி, சுவரின் நிறத்தை மாற்றி, ஒரு மாதம் அதோடு வாழ்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விக்டோரியா வீட்டில் பிற்காலத்தில் வந்து நுழைந்த 1930-களின் முகப்பு என்றால் நிலைமை வேறு. அதற்குப் பின்னால் பழைய பெரிய வாய் செங்கல் வைத்து அடைபட்டிருக்கக்கூடும். அங்கே பழம்பொருள் மீட்புக் கடைகளிலிருந்து அதே காலத்து முகப்பொன்றை வாங்கிப் பொருத்துவது வீட்டுக்குச் செய்யும் நியாயம். வாங்கப் போகும்போது வாயின் அகலம், உயரம், புகைபோக்கி அமைந்த சுவரின் அகலம் மூன்றையும் அளந்து எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டின் சிறிய படுக்கையறைக்கு உரிய முகப்பு முன்னறையில் நின்றால் எத்தனை அழகாக இருந்தாலும் சுருங்கித் தெரியும்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், இந்த ஒப்பீட்டின் பாதி செல்லாது. அத்தகைய வீட்டின் உட்புறக் கணப்படுப்பும் பாதுகாப்புக்கு உட்பட்டது. முன் ஒப்புதலின்றி அதை அகற்றுவது 1990-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். உரிப்பதற்கும் முதல்முறையாகப் பெயின்ட் அடிப்பதற்கும்கூட ஒப்புதல் தேவைப்படலாம் என்பதால், உள்ளாட்சியின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கட்டடம் பட்டியலில் இல்லாமல் பாதுகாப்புப் பகுதியில் மட்டும் அமைந்திருந்தால், இந்தக் கட்டுப்பாடு பொதுவாக வீட்டின் உட்புறத்துக்கு நீளாது.

வேலையாளை அமர்த்துபவர்கள் மதிப்பீடு கேட்கும்போதே, பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது என்ன பொருள் என்று அவர் கருதுகிறார், அதை எப்படிச் சோதிப்பார், ஈயத் தூசியை எப்படிக் கையாள்வார் என்று கேட்டுவிட வேண்டும். பார்த்தவுடன் மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து (சாண்ட்பிளாஸ்ட்) சுத்தம் செய்துவிடலாம் என்று சொல்பவரிடம் சலவைக்கல்லையோ ஓடு பதித்த சட்டத்தையோ ஒப்படைக்காதீர்கள். மறைவான ஓரத்தில் கையகலத்துக்கு முதலில் செய்து காட்டச் சொல்லி, அது முழுவதும் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டுமே மீதிக்குச் சம்மதம் கொடுங்கள்.